உலகத்துலயே திறமான அனிமேஷன் படம் எது? வாசிகசாலையில போட ஒண்டே ஒண்டு வேணும், அடிபடாமச் சொல்லுங்க

வாவிக்கரையான்:
வணக்கம் எல்லாருக்கும். விஷயம் இதுதான். மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் எங்கட ஊர் வாசிகசாலைக்கு வெளிநாட்டுல இருக்கிற ஒரு அண்ணன் பழைய ப்ரொஜெக்டர் ஒண்டு குடுத்தவர், பள்ளிக்கூட லீவு விட்டதும் சின்னப்புள்ளையளுக்கு ஒரு படம் போடுவம் எண்டு யோசிச்சம், கார்ட்டூன் படம்தான் எண்டு முடிவாயிட்டு, ஆனா எந்தப் படம் எண்டதுல நாலு பேர் கமிட்டிக்குள்ள அஞ்சு கருத்து. ஒரே ஒரு இரவு, ஒரே ஒரு படம். அதான் இஞ்ச கேக்கிறன், இதுவரைக்கும் வந்த அனிமேஷன் படத்துல ஆகத் திறம் எது?

என்ட வாக்க நான் முதல்ல போட்டுடுறன். 1988ல வந்த க்ரேவ் ஒஃப் த ஃபயர்ஃப்ளைஸ். ஜப்பான் படம், ஜிப்லி ஸ்டூடியோ, இசாவோ தக்காஹாத்தா எடுத்தது. நான் ஒருதரம்தான் பாத்தன், அதுவும் பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி, இன்னும் அந்த மிட்டாய் ரின் கண்ணுக்குள்ள நிக்குது.

தயிர்ச்சட்டி:
தம்பி உங்களுக்கென்ன விசரா? லீவு விட்ட சந்தோசத்துல ஓடி வாற புள்ளையளப் புடிச்சி இருத்தி அந்தப் படத்தையா காட்டப்போறீங்க? நான் மூண்டாம் ஆண்டு படிப்பிக்கிறன், வகுப்புல 31 பேர், அதுல அரைவாசிப் பேருக்கு வீட்டுல தம்பி தங்கச்சி இருக்கு. பசியில கிடக்கிற நாலு வயசுத் தங்கச்சி மண்ண உருட்டி சோறு எண்டு அண்ணனுக்கு நீட்டுறதப் பாத்திட்டு அதுகள் வீட்ட போய்ப் படுக்குமா? நல்ல படம்தான், இல்லையெண்டு சொல்லல்ல. கசாயமும்தான் நல்லது, அதுக்காகப் பொறந்தநாளுக்குக் கசாயமா ஊத்துறது?

அக்கரை_ஒட்டாக்கு:
இதுதான் எனக்குக் கோவம் வாற இடம் அக்கா. நீங்க சொல்றது சரி, சின்னாக்களுக்கு அது வேணாம், ஆனா கேள்வி என்ன, ஆகத் திறமான படம் எது எண்டு. அத எப்ப கேட்டாலும் உடன சின்னப்புள்ளைகளுக்கு எது நல்லம் எண்டு கத மாறிடுது. கீறின படம் எண்டாலே பாலர் பள்ளி எண்டு ஆரு சொன்ன? அக்கிரா பாருங்க, அதுவும் 1988தான், கட்சுஹிரோ ஒட்டோமோ எடுத்தது, செல் எண்டு சொல்ற கண்ணாடித்தாள் 160,000க்கு மேல கையால வரைஞ்சி பெயிண்ட் அடிச்சிருக்கானுகள், இரவுல நடக்கிற கத எண்டதால இருட்டுக்குள்ளயே எத்தின நிறம், அந்த மோட்டார்சைக்கிள் லைட் பின்னால கோடு மாதிரி இழுபட்டு வாறது, ஜப்பான்ல வழமையா படத்த வரைஞ்சி முடிச்சிட்டுத்தான் குரல் குடுக்கிற, இதுக்கு முதல்ல குரல எடுத்துட்டு அதுக்கு ஏத்தமாதிரி வாய வரைஞ்சவங்க. இன்னிக்கு கொம்பியூட்டர்ல தட்டுறவனுகளுக்கும் அது பாடப்புத்தகம். என்ட வாக்கு அக்கிரா. வாசிகசாலையில போடாதீங்க, கமிட்டியக் கலைச்சிடுவாங்க.

கல்முனைக் காக்கா:
எல்லாரும் 1988லயே நிக்கிறீங்க, கொஞ்சம் பின்னால வாங்க மச்சான்மாரே. 1926. லோட்டே ரைனிகர் என்டு ஒரு ஜேர்மன் பொம்புள. அந்தக் கால ரெக்கோர்ட் என்னென்டா, இன்னைக்கும் நம்மட கையில மிஞ்சி இரிக்கிற ஆகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் அவடதான், இளவரசன் அஹ்மதுட கத, ஆயிரத்தொரு இரவுகள்ள வாற பறக்கிற குதிரையும் பேரி பானுவும் அலாவுதீனும். எல்லாம் கறுப்பு மட்டையில கத்திரிக்கோலால வெட்டின உருவம், கை கால் மூட்டெல்லாம் கம்பியால கட்டி, கண்ணாடிக்கு மேல வச்சி கீழால லைட் குடுத்து, ஒரு அசைவு, ஒரு படம், ஒரு அசைவு, ஒரு படம், மூணு வருசம். நான் கலியாண வீடியோ எடிட் பண்ற ஆள், நாலு மணித்தியாலம் ஒரே கதிரையில இருந்தா முதுகு போயிடும், மூணு வருசத்த நினைச்சிப் பாருங்க.

நான் சின்னதுல கரண்ட் இல்லாத காலம், உம்மும்மா குப்பி லாம்புக்கு முன்னால கைய வச்சி சுவத்துல மானும் நாயும் காட்டுவா, மான்ட காது ஆடும். அந்தப் படத்த நான் முதல்ல பாத்தப்ப எனக்கு அந்தச் சுவருதான் ஞாபகம் வந்த. ஒரு நிழல், முகத்துல கண்ணும் இல்ல மூக்கும் இல்ல, ஆனா அது அழுகிறது நமக்கு விளங்குது. இதுக்கு மேல என்ன வேணும்?

பாலத்தடி ஐயா:
காக்கா சொல்றது சரி. அதுக்கும் முந்தி 1917ல ஆர்ஜென்டினாவுல கிரினோ கிறிஸ்தியானி எண்டவர் முழுநீளப் படம் ஒண்டு எடுத்தவர், பிரதி எல்லாம் தீயில போச்சு, இப்ப ஒருத்தராலயும் பாக்க ஏலாது. பாக்க ஏலாத படத்துக்கு வாக்குப் போட ஏலாதுதானே.

நான் வாக்குப் போடுறது ஸ்னோ வைட்டுக்கு. 1937. நீங்க எல்லாரும் சிரிப்பீங்க தெரியும். அந்தக் காலத்துல ஒண்டரை மணித்தியாலம் கார்ட்டூன் ஆரு பாப்பான் எண்டு ஹொலிவூட்டே வோல்ட் டிஸ்னியப் பாத்துச் சிரிச்சதாம், டிஸ்னிட பைத்தியக்காரத்தனம் எண்டு பேர் வச்சாங்களாம். படம் வந்த பிறகு ஒஸ்கார்ல அவருக்கு ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலையும் வரிசையா வச்சிக் குடுத்தது, குள்ளர் ஏழு பேருக்கு. எனக்கு எட்டு வயசிருக்கும், பள்ளிக்கூட மண்டபத்துல பாதர் ஒராள் 16 மில்லிமீட்டர் மிசின்ல துண்டு துண்டாப் போட்டுக் காட்டினவர், ரீல் அறுந்தா செலோடேப்ப பல்லால கடிச்சி வெட்டி ஒட்டுவார். அந்தக் காட்டுக்குள்ள மரமெல்லாம் கைய நீட்டிக்கொண்டு வாற இடத்துல நான் வாங்குக்குக் கீழ பூந்திட்டன். 78 சூறாவளியில அந்த மண்டபத்துக் கூரை போச்சு. மரம் முறிஞ்சி விழுற சத்தம் கேட்ட அண்டைக்கு இரவு எனக்கு, சத்தியமாச் சொல்றன், அந்தக் காடுதான் ஞாபகம்.

வாவிக்கரையான்:
ஐயா, அதக் கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.

தயிர்ச்சட்டி அக்கா, அக்கரை_ஒட்டாக்கு, ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம். க்ரேவ் ஒஃப் த ஃபயர்ஃப்ளைஸ் தனியா வரல்ல. 1988 ஏப்ரல் 16, அதே நாள், அதே டிக்கட்டுக்கு ரெண்டாவது படமா ஓடினது மை நெய்பர் டொட்டோரோ. மியாசாக்கி எடுத்தது. ஒண்டுல அம்மா ஆஸ்பத்திரியில, ரெண்டு சின்னப் பொம்புளப்புள்ளையளும் காட்டுக்குள்ள பெரிய வயித்தோட ஒரு பிராணியப் பாக்குதுகள், பூனையே பஸ்ஸா வருது. மத்ததுல அம்மாவும் இல்ல, வீடும் இல்ல, கோபே நகரம் எரியுது. ஒரே கொம்பனி, ஒரே நாள். ஜப்பான்காரனே ரெண்டையும் சேத்துத்தான் குடும்பத்தோட வந்து பாருங்க எண்டு போட்டிருக்கான்.

நாவலடிக் காத்து:
எந்தப் படத்த முதல்ல போட்டவன் எண்டதுதான் கேள்வி. டொட்டோரோவ முதல்ல போட்டா ஆக்கள் அழுதுகொண்டு வீட்ட போகும். பின்னால போட்டா, அந்தத் தங்கச்சி சாகிறதப் பாத்த கண்ணால டொட்டோரோவுல சின்னவள் தொலைஞ்சி போற இடத்தப் பாக்கிறதுக்கு நெஞ்சு வேணும்.

டோஹா நைட்ஷிப்ட்:
90 யுத்தத்துல நானும் தங்கச்சியும் ஒரு பள்ளிக்கூடத்துல ரெண்டு மாசம் கிடந்தம். அவளுக்கு அஞ்சு வயசு. அந்த ஃபயர்ஃப்ளைஸ் படத்த அரைமணித்தியாலம் பாத்தன், அவன் தங்கச்சிய முதுகுல கட்டிக்கொண்டு ஓடுறான், நிப்பாட்டிட்டன். திரும்பப் போடல்ல. அவள் இப்ப கனடாவுல, மூணு புள்ள, தடிச்சிப் போய் நல்லா இருக்கிறாள்.

திறமான படமா எண்டு கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவன், பாக்காமலே.

அக்கரை_ஒட்டாக்கு:
அண்ணே 🙏

ஒண்டு மட்டும் சொல்றன், இதுக்குள்ள கன பேர் அத யுத்தத்துக்கு எதிரான படம் எண்டு மட்டும் பாக்கிறாங்க. தக்காஹாத்தாவே அப்பிடி இல்ல எண்டுதான் சொன்னவர். அவருக்கும் ஒம்பது வயசுல ஒக்கயாமாவுல குண்டு விழுந்து வீட்ட விட்டு ஓடின அனுபவம் இருக்கு, ஆனா படத்துல அவர் பிடிச்ச விஷயம் வேற. அந்தப் பொடியன் மாமிட பேச்சுத் தாங்க ஏலாம ரோசத்துல வீட்ட விட்டு வெளிக்கிடுறான்தானே, அந்த ரோசம்தான் தங்கச்சியக் கொல்லுது. அதையும் கெட்டவன் எண்டு காட்டாம காட்டுவார். இன்னொண்டு, கார்ட்டூன்ல வழமையா உருவத்தச் சுத்தி கறுப்புக் கோடு போடுற, அந்தப் படத்துல மண்ணிறக் கோடு. தெரியாமலே கண்ணுக்கு மெதுவா இருக்கும், பழைய போட்டோ மாதிரி.

தயிர்ச்சட்டி:
சரி மனே, நீ படிச்சிருக்கிறாய், ஒத்துக்கொள்றன். இப்ப என்ட வாக்கு. கோகோ. 2017, பிக்சார். மெக்சிகோவுல செத்த ஆக்கள் வருசத்துல ஒருநாள் வீட்டுக்கு வாற திருநாள், போட்டோ வச்சிப் பூப்போட்டு சாப்பாடு படைச்சாத்தான் அவங்களுக்குப் பாலம் கடந்து வர ஏலும், ஞாபகம் வச்சிருக்க ஒருத்தரும் இல்லாமப் போனா அங்கயும் இல்லாமப் போயிடுவாங்க. நான் இத என்ட அப்பாவுக்கு முதல் வருசம் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துல கடமை செஞ்சிட்டு வந்த கிழமை பாத்தன், புள்ளையளுக்குப் போட்டுக் குடுத்திட்டு நான் குசினிக்குள்ள நிண்டு எட்டி எட்டிப் பாத்துக்கொண்டிருந்தன், அந்தப் பாட்டி கடைசியில வாயத் திறந்து பாடத் தொடங்க கையில இருந்த அகப்பைய வச்சிட்டு வந்து குந்தினதுதான், ஆணம் அடிப்பிடிச்சி அண்டைக்கு எல்லாருக்கும் தயிரும் சோறும். மெக்சிகோக்காரனுக்கு எங்கட வீட்டு விஷயம் எப்பிடித் தெரிஞ்சது?

கல்முனைக் காக்கா:
ஹாஹா அக்கா, கருகின ஆணம்தான் சரியான ரிவியூ. ஒஸ்கார விடப் பெரிசு.

மூணாங்கட்டை:
எல்லாரும் அழுகிற படமாவே சொல்றீங்க. கோச்சடையான் எண்டு ஒரு காவியம் இருக்கு, மறந்திட்டீங்களா. 2014. அதையும் பாத்து நான் அழுதனான்.

களரி அண்ணாவி (நெறியாளர்):
மூணாங்கட்டைக்கு முதல் எச்சரிக்கை.

மூணாங்கட்டை:
சரி அண்ணாவியார், சீரியஸா வாறன். லயன் கிங், 1994. ஏனெண்டா அது கூத்து. தம்பி அண்ணனக் கொண்டு அரசைப் புடிக்கிறான், இளவரசன் காட்டுக்கு ஓடுறான், கூட ரெண்டு கோமாளி, திரும்பி வந்து சண்ட. ஒரு இரவு வடமோடிக் கூத்தா ஆடலாம், ஸ்காருக்கு வரவு ஆட்டம் வச்சா கூட்டம் விசிலடிக்கும். 2019ல திருப்பி எடுத்ததப் பாத்தீங்களா, மசிர் மசிரா உண்மைச் சிங்கம் மாதிரியே செஞ்சி வச்சிருக்கானுகள், தகப்பன் செத்துக் கிடக்கக் குட்டிட மூஞ்சியில ஒண்டுமில்ல, உண்மைச் சிங்கத்துக்கு எங்க மூஞ்சியில அழுகை வரப்போகுது? கையால வரைஞ்ச சிங்கத்துக்குப் புருவம் இருந்தது. புருவம்தான் மச்சான் நடிப்பு. கூத்துக்காரன் ஏன் மைபூசிப் புருவத்த இழுக்கிறான்?

களரி அண்ணாவி (நெறியாளர்):
எச்சரிக்கை வாபஸ்.

பாலத்தடி ஐயா:
2019 படத்துக்குத் தமிழ் இருந்ததே. அரவிந்த் சாமி ஸ்காருக்குப் பேசினவர், சித்தார்த் சிம்பாவுக்கு. என்ட பேரன் அதத்தான் பாக்கிறான்.

வாவிக்கரையான்:
ஐயா அதுதான் எங்கட அடுத்த தலையிடி, பாஷை. எழுத்துப் போட்டா கீழ ஓடுறத வாசிக்கிற வேகம் எட்டு வயசுக்கு வராது, ஆறு வயசுக்கு வாசிக்கவே வராது. இங்கிலீசு எங்கட பக்கத்துல அப்பிடியே நிக்குது. தமிழ் டப்பிங் எண்டா இந்தியத் தமிழ், அது சுட்டி டிவி காலத்துல இருந்து புள்ளையளுக்குப் பழக்கம்தான், ஜாக்கிசானப் பாத்து வளந்த தலைமுறை நாங்க, ஒரு காலத்துல எங்கட ஊருக்குள்ள எல்லாப் பொடியன்மாரும் சென்னைத் தமிழ்லதான் சண்ட பிடிச்சவங்க. ஆனா நல்ல படம் எல்லாத்துக்கும் டப்பிங் இல்லையே. டொட்டோரோவுக்கு எங்க போறது?

பாலத்தடி ஐயா:
ரூபவாஹினி டிவி 1982ல தொடங்கின பிறகு டைட்டஸ் தொட்டவத்த எண்ட மனுசன் பக்ஸ் பனியப் புடிச்சி ஹா ஹா ஹரி ஹாவா எண்டு சிங்களத்துல பேச வச்சவர். அப்பிடியே மாத்தினதில்ல, கிராமத்துச் சிங்களம், பகிடி, பாட்டு எல்லாம் புதுசா எழுதி. அந்த முசலுக்கு அது அமெரிக்க முசல் எண்டே தெரியாது. என்ட மூத்தவன் சிங்களம் பழகினது அந்த முசலிட்டத்தான், பிறகு கந்தோர்ல அவன் கதைக்கிறதக் கேட்டுச் சிரிப்பாங்களாம். மட்டக்களப்புத் தமிழ்ல அப்பிடி ஒருத்தர் ஒரு முசலப் பேச வச்சிருந்தா, என்னகா மறுகா எண்டு கேட்டிருக்கும்.

தயிர்ச்சட்டி:
"என்னகா மறுகா" முசல் 😂😂 நான் அதுக்கு இப்பவே வாக்குப் போடுறன்.

உன்னிச்சைக் கொக்கு:
முதல் தடவையா எழுதுறன். பாஷை பிரச்சினை எண்டா குறும்படம் பாருங்களன். யூரி நோர்ஷ்டைன், ரஷ்யாக்காரர், 1975ல எடுத்த பத்து நிமிசப் படம், ஒரு முள்ளெலி தன்ட சிநேகிதக் கரடியப் பாக்கப் போற வழியில பனிமூட்டத்துக்குள்ள மாட்டுப்படுது. அவ்வளவுதான் கத. ஒரு வெள்ளக் குதிர வரும், ஒரு பெரிய மரம் வரும், ஆரோ தண்ணிக்குள்ள இருந்து உதவி செய்யும் ஆரெண்டு தெரியாது. மார்கழியில விடியக்காலம் குளத்துக் கட்டுல நிண்டிருந்தா விளங்கும், பத்தடிக்கு அங்கால மாடா மனுசனா எண்டு தெரியாம, சத்தம் மட்டும் வரும். அந்தப் பனிமூட்டத்த அவர் செஞ்சது மெல்லிய கடதாசியால, உருவத்துக்கு மேல ஒரு தாள வச்சி, கெமராப் பக்கமாக் கொஞ்சம் கொஞ்சமா உயர்த்த உயர்த்த உருவம் மங்கிக்கொண்டே போகும். கடதாசிதான், வேற ஒண்டுமில்ல.

இவர்ட இன்னொரு படத்த, டேல் ஒஃப் டேல்ஸ், 1984ல லொஸ் ஏஞ்சலிஸ் விழாவுக்காக நடந்த வாக்கெடுப்புல ஆகத் திறமான அனிமேஷன் படம் எண்டு தெரிவு செஞ்சவங்க. அதால குறும்படத்தையும் கணக்குல எடுக்கோணும்.

அக்கரை_ஒட்டாக்கு:
பத்து நிமிசத்தப் படம் எண்டு கணக்கெடுத்தா பிறகு எங்க நிக்கிறது? விளம்பரத்தையும் சேப்பமா?

உன்னிச்சைக் கொக்கு:
திருக்குறள் ஒண்டே முக்கால் அடி. சேக்கிறதில்லையா?

அக்கரை_ஒட்டாக்கு:
...சரி. நல்லா அடிச்சீங்க.

நாவலடிக் காத்து:
பாஷை இல்லாட்டியும் விளங்குற படம் எண்டா நான் பொன்யோ சொல்லலாம் எண்டு இருந்தன், 2008, மியாசாக்கிதான். ஒரு மீன்குஞ்சு பொம்புளப்புள்ளையா மாறி, கடல் அலைக்கு மேலால ஓடி வரும். அலை ஒவ்வொண்டும் பெரிய மீன், கண் இருக்கும். 2004 டிசம்பர் 26 எங்கட பக்கத்துல என்ன நடந்தது எண்டு தெரியும்தானே, அதால அத எங்கட வீட்டுல போடவே பயந்தன். ஒருநாள் அம்மா பின்னால வந்து நிண்டு பாத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நிப்பாட்டப் போக, இரு இரு எண்டா. கொஞ்சம் பாத்திட்டு, ஓம் இப்பிடித்தான் வந்தது, தண்ணி மாதிரி இல்ல, உசிரோட வந்தது எண்டா. பதினஞ்சு வருசத்துல அம்மா அண்டைக்கு மட்டும்தான் அந்தக் காலம்பற பத்தி ஒரு மணித்தியாலம் கதைச்சவ.

அதால சின்னாக்களுக்கு எதப் போடுறது எதப் போடக்கூடா எண்டு எனக்கு இப்ப ஒண்டும் தெரியா.

டோஹா நைட்ஷிப்ட்:
அப்ப நான் ஒண்டு சொல்லவா. ஃப்ளோ. 2024. லாத்வியா எண்ட குட்டி நாடு, கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் எண்ட சின்னப் பொடியன் எடுத்தது. பிளெண்டர் எண்டு ஓசியில கிடைக்கிற சொஃப்ட்வெயார்ல செஞ்சவங்க, 2025ல ஒஸ்கார் எடுத்தது, அந்த நாட்டுக்கே முதல் ஒஸ்கார். கத என்னெண்டா வெள்ளம், உலகமே தண்ணிக்குள்ள போகுது, மனுசர் ஒருத்தரும் இல்ல, ஒரு கறுத்தப் பூனை ஒரு பாய்க்கப்பல்ல ஏறுது, அதுக்குள்ள பெருத்த எலி மாதிரி ஒரு கப்பிபாரா, குரங்கு மாதிரி ஒரு லீமர், ஒரு நாய், காலு நீண்ட பெரிய பறவை ஒண்டு. படம் முழுக்க ஒரு சொல்லுக் கதை இல்ல. மியாவ் எண்டா மியாவ்தான். கார்ட்டூன் மிருகம் மாதிரிக் கண்ணடிக்கிறது பாட்டுப் பாடுறது ஒண்டும் இல்ல, பூனை பூனையாவே இருக்கும். பயந்தா மேசைக்குக் கீழ போற பூனை.

நான் பாத்தது ட்யூட்டி ரூம்ல போன்ல, இரவு ரெண்டு மணி, சத்தம் வைக்க ஏலாது எண்டு சத்தமில்லாமப் பாத்தன், முழுசா விளங்கினது. பிறகு லீவு நாள் ஹெட்செட் போட்டுத் திருப்பிப் பாத்தன். எல்லாம் உண்மையான மிருகத்துட சத்தம், ஆனா கப்பிபாராவுக்கு அதுட குரல் கீச்சிட்டுச் சரிவரல்லயாம், ஒட்டகக் குட்டிட குரலப் போட்டிருக்காங்க. இஞ்ச எனக்கு ஒட்டகச் சத்தம் பழக்கம், அது வாயத் திறந்த உடன அட இது நம்மட ஆளாச்சே எண்டு சிரிச்சிட்டன்.

தயிர்ச்சட்டி:
வெள்ளமா? டோஹாத் தம்பி, 2024 நவம்பர்ல நீங்க இஞ்ச இல்ல. எங்கட பள்ளிக்கூடத்துக்குள்ள முழங்கால் தண்ணி, அலுமாரிக்கு அடித்தட்டுல இருந்த கொப்பி எல்லாம் கூழ். அந்தப் புள்ளையளுக்கு வெள்ளப் படமா?

பாலத்தடி ஐயா:
புள்ள, நான் இந்த வாவிக்கரையில எத்தின வெள்ளம் பாத்திருப்பன். பெரியாக்களுக்குத்தான் வெள்ளம் நட்டம். புள்ளையளுக்கு அது வாழைக்குத்தி வெட்டித் தெப்பம் கட்டுற நாள், பள்ளிக்கூடமும் இல்ல. பாம்பு வந்தாத்தான் பயம். தெப்பத்துல ஒரு பூனைய ஏத்தின படத்த அதுகள் விடாதுகள். போடச் சொல்லுங்க.

கல்முனைக் காக்கா:
நானும் ஐயாட பக்கம். 85 நிமிசம்தான், கதை பேச்சு இல்ல, கரண்ட் வெட்டினாலும் விட்ட இடம் மறக்காது. என்ட அஹ்மதுட படத்த நான் விட்டுக்குடுக்கிறன், ஆனா உலகத்துல ஆகத் திறம் அதுதான் என்டதுல இருந்து மாறல்ல, எழுதி வச்சிக்கொள்ளுங்க.

அக்கரை_ஒட்டாக்கு:
அக்கிராவும் அப்பிடித்தான். எழுதி வைங்க.

மூணாங்கட்டை:
கோச்சடையானும்.

களரி அண்ணாவி (நெறியாளர்):
மூணாங்கட்டைக்கு ரெண்டாவது எச்சரிக்கை. வாவிக்கரையான், படம் போட்ட பிறகு வந்து எழுதுங்க. அதுவரைக்கும் இழை திறந்தே கிடக்கட்டும்.

வாவிக்கரையான்:
எட்டு நாள் கழிச்சி வாறன். நேத்து இரவு போட்டது. ஃப்ளோதான். கமிட்டியில மூணுக்கு ஒண்டு.

நடந்ததச் சொல்றன். திரை எண்டு ரெட்டைக்கட்டில் பெட்சீட் ரெண்டச் சேத்துத் தைச்சது, நடுவால தையல் கோடு, வாவிப் பக்கத்துக் காத்துக்குப் பூனைட மூஞ்சி அடிக்கடி ஊதிப் பெருத்து வந்தது. சின்னனும் பெரிசுமா எண்பது பேர் மட்டுல, பாய் போதாம உரப்பைய விரிச்சிக் குந்தினாங்க. தொடங்கி அஞ்சு நிமிசத்துல நாய்க்கூட்டம் பூனையத் துரத்த, எங்கட ஊர் நாய் ரெண்டு திரைக்குப் பின்னால போய் நிண்டு குலைக்கத் தொடங்கிட்டு, அதுகளத் துரத்துறதுக்கே பத்து நிமிசம். கப்பிபாரா வந்த உடன பெரிய சண்ட, அது பண்டி எண்டு ஒரு பக்கம், பெருச்சாளி எண்டு மறுபக்கம், ஒரு பொடியன் எழும்பி நிண்டு அது முயலுக்கும் பண்டிக்கும் பிறந்தது எண்டு தீர்ப்புச் சொன்னான். அந்த நீட்டுக்கால் பறவைய எங்கட அம்மம்மா கடைசி வரைக்கும் கொக்கு எண்டுதான் சொன்னா.

கரண்ட் போச்சு, காக்கா நாக்குல கரிதான் இருக்கு. அரைமணித்தியாலம். ஒருத்தரும் எழும்பிப் போகல்ல. இருட்டுக்குள்ள இருந்து பூனை என்ன செய்யும் எண்டு கதைச்சுக்கொண்டிருந்தாங்க, ஒருத்தி நீந்தும் எண்டாள், ஒருத்தன் மீன் பிடிக்கும் எண்டான், ரெண்டுமே படத்துல வந்தது, வந்தப்ப ரெண்டு பேரும் எழும்பிக் குதிச்சாங்க. தயிர்ச்சட்டி அக்கா, வெள்ளம் வாற இடத்துல உங்கள நினைச்சிப் புள்ளையளட முகத்தத்தான் பாத்துக்கொண்டிருந்தன். பயந்த மாதிரித் தெரியல்ல. தண்ணி ஏறுது ஏறுது எண்டு பூனைக்குத்தான் கத்திச் சொன்னாங்க.

கடைசியில மட்டும் ஒரு பிழை. வெள்ளம் வத்தின பிறகு அந்தப் பெரிய மீன், திமிங்கிலம் மாதிரி, காட்டுக்குள்ள தரையில மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும்தானே, பூனை அதுக்குப் பக்கத்துல போய் உரசும். அதுக்குப் பிறகு கொஞ்சத்துல படம் முடியுது. அதுல நாலஞ்சு புள்ளையள் அழத் தொடங்கிட்டு. மீன் செத்துடுமா மாமா எண்டு கேக்க எனக்கு என்ன சொல்றதெண்டு தெரியல்ல. தெரியா எண்டு சொன்னன். அழுதுகொண்டேதான் வீட்ட போனாங்க.

டோஹா நைட்ஷிப்ட்:
ஒரு நிமிசம். பேர் ஓடி முடிஞ்ச பிறகு வாறதப் போடல்லையா?

வாவிக்கரையான்:
என்ன வாறது?

டோஹா நைட்ஷிப்ட்:
அண்ணே!!! பேரெல்லாம் ஓடி முடிய ஒரு சின்னக் காட்சி இருக்கு, நடுக்கடல்ல அந்தமாதிரி மீன் ஒண்டு தண்ணிக்கு மேல வரும்! அதேதானா எண்டு சொல்லமாட்டாங்க, ஆனா வரும்!

வாவிக்கரையான்:
ஐயோ. பேர் ஓடத் தொடங்க நான் ப்ரொஜெக்டர நிப்பாட்டிட்டன், பல்பு சூடாயிட்டு எண்டு.

கல்முனைக் காக்கா:
எண்பது புள்ளைகள்ட மீனக் கொண்டுபோட்டீங்களே மச்சான்.

வாவிக்கரையான்:
இப்ப வெளிக்கிடுறன். சைக்கிள்ல வீடு வீடாப் போய் மீன் சாகல்ல எண்டு சொல்லிட்டு வாறன்.

தயிர்ச்சட்டி:
சொன்னா நம்பாதுகள். வாற சனிக்கிழமை திருப்பிப் போடுங்க, முழுசா, அம்மம்மாவயும் கூட்டிக்கொண்டு வாங்க, அது கொக்கில்ல எண்டு நான் சொல்லிக்குடுக்கிறன். என்ட ரெண்டையும் கூட்டிக்கொண்டு பாலத்தால வாறன், எத்தின மணிக்கு?

வாவிக்கரையான்:
ஏழு மணி அக்கா. உரப்பை கொண்டு வாங்க, இருக்கிறதுக்கு.

மூணாங்கட்டை:
இடைவேளையில கோச்சடையான் ட்ரெயிலர் போட ஏலுமா?

களரி அண்ணாவி (நெறியாளர்):
மூணாங்கட்டை மூணு நாளைக்கு எழுத ஏலாது. இழை சனிக்கிழமை வரைக்கும் திறந்திருக்கும்.